இரட்டைச் சைலன்சர் வண்டியில் ஒரு புதன்கிழமை

1986 பிப்ரவரி 12, புதன்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். அடிபம்பில் நான்கு வாளி தண்ணீர் அடித்து வைத்தேன். ஐந்தே முக்காலுக்குக் காப்பி. ஆறு மணிக்கு டைரியை எடுத்துக்கொண்டு வாசல் அறை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என் டைரி மனசில் உள்ளதை எழுதுகிற டைரி இல்லை. அப்போது நான் சங்கரன்கோவிலில் கால்நடை ஆய்வாளர். வாரத்தில் நான்கு நாள் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வண்டியில் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. ஊசி போட்டும் சினை நிற்காத மாடு இருபத்தொரு நாளில் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். ஆகவே இன்றைக்கு ஒரு மாட்டுக்கு ஊசி போட்டால், இருபத்தொரு பக்கம் தள்ளி, அந்த மாட்டின் அடையாளத்தைப் பென்சிலில் எழுதிவைப்பேன். அந்த நாள் வரும்போது அந்தப் பக்கம் தானே என்னைக் கேட்கும்.

அன்றைய பக்கத்தில் பென்சிலில் இருந்தது இது: ‘காரி, கிழக்குத் தெரு. கத்தினால் மூன்றாவது ஊசி.’

காரி ஒரு கறுப்புப் பசு. இளையரசனேந்தலுக்கு இந்தப் பக்கம், புதன்கிழமைதோறும் நான் போகிற ஊரில், காடுகரை உள்ள ஒரு சம்சாரி வீட்டில் இருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பால் முழுக்க அவர் பொறுப்பு. முதல் ஊசி நிற்கவில்லை. ஜனவரி 22-ஆம் தேதி இரண்டாவது ஊசி போட்டபோது மாட்டின் திமிலில் கை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “எங்க வீட்டுல இன்னும் ஒரு தடவதான் பாப்பாவளாம் அய்யா. பொறவு மேற்க ஏத்திருவாவ.” மேற்கே என்றால் மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்துக்கு. அங்கே போகிற மாடு எதற்குப் போகிறது என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தப் பென்சில் வரியைப் படித்தேன். படித்தேன் என்பதைத்தான் முதலில் சொல்லவேண்டும். பிறகு டைரியை மூடிவிட்டு வெளியே நின்ற வண்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

அது என் வண்டி இல்லை. முந்தின நாள் மாலை ரயில்வே பீடர் ரோட்டு மெக்கானிக் கடையில், கடையநல்லூர்க்காரர் ஒருவர் என்னிடம் விட்டுவிட்டுப் போனது. அவருக்கு முப்பது வயதுக்குள். துபாயிலிருந்து இரண்டு வருஷம் முன்பு வந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. இப்போது வெள்ளிக்கிழமை மறுபடி புறப்படுகிறார். அவருடைய வாப்பா கைலி ஏவாரத்துக்குப் போக ஒரு வண்டி வேண்டும். ஆனால் இந்த வண்டியைப் பார்த்தாலே அவர் வாப்பா தூரப் போகிறாராம். “பள்ளிவாசல் முன்னால நிறுத்தினா ஹஜ்ரத்து ஓதுறது கேக்கலைங்கிறாவ அண்ணாச்சி. உங்க வண்டிய எனக்குத் தாங்க, இத நீங்க வச்சுக்கிடுங்க. வண்டிக்கு வண்டி. நாளைக்கு ஒரு நா ஓட்டிப் பாருங்க. வியாழக்கிழம காலைல வாறேன், ஒரு வார்த்த சொன்னாப் போதும்.” இப்படிச் சொல்லி என் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் அதை மூன்றாவது உதையில் கிளப்பியதை நான் கவனித்தேன். எனக்கும் மூன்றாவதுதான். தினமும் எத்தனையாவது உதை என்று டைரியில் குறித்திருக்கிறேன்.

என்னுடையது மூன்றரை எச்.பி. கறுப்பு வண்டி. 1972-இல் பழசாக வாங்கியது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பின்னால் இரும்புக் கேரியர், அதில் உறைந்த விந்துக் குழாய்கள் இருக்கிற நைட்ரஜன் ஜாடிக்கு வெல்டிங் வைத்த வளையம், இடப்பக்கம் கையுறையும் மருந்தும் வைக்க ஒரு தகரப் பெட்டி. அதன் வேகம் ஐம்பது. அதற்கு மேல் முறுக்கினால் பெட்டி மூடி ஆட ஆரம்பிக்கும், பின் என் பல் ஆடும்.

வந்து நின்றது சிவப்பு டேங்க். இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர், கடிகாரம் போல மூன்று மீட்டர். இடது காலில் கியர், வலது காலில் பிரேக். எல்லாம் எனக்கு நேர்மாறு. பதினான்கு வருஷமாக என் கால்கள் படித்ததை ஒரே நாளில் மறக்கச் சொன்னால் மறக்குமா என்று யோசித்து, ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, ‘இடது கியர், வலது பிரேக்’ என்று எழுதி டேங்கின் மேல் ஒட்டினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கால்களை மட்டும் அசைத்துப் பழகினேன்.

என் மனைவி வாசலுக்குக் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்தவள் பார்த்துவிட்டாள். “என்ன, தையல் மிஷின் ஓட்டுதியளா?” என்றாள். பின்சீட்டைத் தடவிப் பார்த்தாள். “இதுல ஏறினா ஒங்க இடுப்பக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் வரணும். கலியாணமாகி இருபது வருசம் கழிச்சு வடக்கு ரத வீதியில அது நமக்குத் தேவையா?”

எனக்கு அந்த வருஷம் நாற்பத்தாறு. இடமாறுதல் கேட்டு மூன்று முறை எழுதி மூன்று முறையும் வரவில்லை. திங்கள் ஒரு ஊர், புதன் ஒரு ஊர், அதே ஓடை, அதே வளைவு. எந்தக் கல்லில் பெட்டி மூடி குலுங்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். சில மாதங்களாகச் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சிவப்பு டேங்கைப் பார்த்தபோது கால் ஆட்டம் நின்றது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

டைரியின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் ‘என் வண்டி’, வலப்பக்கம் ‘அந்த வண்டி’. கிளம்புதல், வேகம், பிரேக், இருக்கை, ஜாடி வைக்க இடம், குலுக்கல், சத்தம் என்று வரிசையாக எழுதிக் கீழே இடம் விட்டேன்.

எட்டரைக்கு ஆஸ்பத்திரி. ஜாடியை வைக்கக் கேரியர் இல்லாததால் பின்சீட்டில் ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் ஜாடியை நிறுத்தி, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினேன். மருந்துப் பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டேன். ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினேன். முதல் உதை. முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

புதன்கிழமைகளில் அந்த ஊருக்கு நான் எப்போதும் ஒன்பது நாற்பதுக்குத்தான் புறப்படுவேன். இருபத்தாறு கிலோமீட்டர். பத்தரைக்குப் போய்ச் சேருவேன். ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால் ஓடைப் பாலம். அதில் ஏறும்போது கியரைக் குறைப்பேன். அப்போது என் வண்டி ஒரு சத்தம் போடும். அது கரிசல்காட்டில், மறிக்க ஒரு மரம் இல்லாத வெளியில், ஊர் முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் காட்டில் இருக்கிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு மாட்டை அவிழ்ப்பார்கள். நான் பால் சொசைட்டி முன்னால் வண்டியை நிறுத்திக் கையுறையை எடுப்பதற்குள் நான்கு மாடாவது வந்து நிற்கும். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. யாரும் இப்படிச் செய்யவேண்டும் என்று ஏற்பாடு செய்ததும் இல்லை. பதினான்கு வருஷத்தில் தானாக உண்டான பழக்கம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அதை நான் நினைக்கவில்லை. குருவிகுளம் வரை ரோடு நன்றாக இருந்தது. மூன்றாவது கியரில் முறுக்கியபோது முதுகை யாரோ பிடித்துப் பின்னால் இழுத்தது போல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. என் வண்டி ஒவ்வொரு பள்ளத்தையும் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் தாண்டும். இது பள்ளம் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. குருவிகுளத்தில் எப்போதும் நிற்கிற டீக்கடையை நான் பார்த்தபோது அது பின்னால் போய்விட்டிருந்தது.

பத்து மணி எட்டு நிமிடத்துக்கு சொசைட்டி முன்னால் நின்றேன். யாரும் இல்லை. சொசைட்டி எழுத்தர் மட்டும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். வண்டியைச் சுற்றி வந்தார். புதுசா என்றார். பார்க்கத்தான் எடுத்து வந்தேன் என்றேன். எவ்வளவு போகும் என்று கேட்டார். எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது.

காரி வீட்டைப் பற்றிக் கேட்டேன். அதைக் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த அம்மா உளுந்து பறிக்கக் கிழக்குக் காட்டுக்குப் போயிருப்பதாகவும், மாட்டையும் அங்கேயே கொண்டுபோய்க் கட்டியிருப்பதாகவும் சொன்னார். “ஒங்க சத்தம் கேட்டா வந்துருவா சார்” என்றார்.

வந்துவிட்டேனே, கேட்டிருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது ‘ஒங்க சத்தம்’. அதை நான் காதில் வாங்கவில்லை.

உட்கார்ந்தேன். எழுந்தேன். பக்கத்தில் கட்டியிருந்த ஒரு கிடாரிக்கு வயிற்றுப்போக்கு என்று எழுத்தர் காட்டினார்; அதற்குப் பொடி கொடுத்தேன். ஒரு எருமைக்குச் சினை பார்த்தேன், நான்கு மாதம். அதோடு சரி. சைலன்சர் சூடு ஆறும்போது டிக் டிக்கென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது கடிகாரத்தைவிட வேகமாக இருந்தது. கிழக்கே பார்த்தேன். காட்டில் நான்கைந்து தலை குனிந்து பறித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒன்றும் நிமிரவில்லை. கத்தியிருந்தால் வந்திருப்பார், கத்தவில்லை போலிருக்கிறது, போன ஊசி நின்றிருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஒரு ஆளை அனுப்பிக் கேட்கலாம். நானே வரப்பில் நடந்து போகலாம், பத்து நிமிடம். போகவில்லை. கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கோவில்பட்டி மெயின் ரோடு. அங்கே ஆறு கிலோமீட்டர் வளைவே இல்லாத தார் ரோடு இருக்கிறது.

பத்து இருபத்தைந்துக்குக் கிளம்பினேன். வழக்கமாக நான் வந்து சேருகிற நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் அந்த ஊரைவிட்டுப் போய்விட்டேன். அலுவலக நோட்டில் ‘மற்றவர் யாரும் வரவில்லை’ என்று எழுதினேன்.

அந்த ஆறு கிலோமீட்டரைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். முள் நூறைத் தாண்டியது. நூற்றுப்பத்தில் ஒரு நிமிடம் நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எந்த ஊரும் இல்லை, எந்தக் கிழமையும் இல்லை. வாயைத் திறந்தால் காற்று தொண்டைக்குள் போய் அடைத்தது. சிரித்தேன் என்று நினைக்கிறேன். பல்லில் ஒரு பூச்சி ஒட்டியிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

திரும்பி வரும்போது காய்ந்த பருத்திமார்க் கட்டு ஏற்றிய ஒற்றை மாட்டு வண்டி ஒன்று காட்டுப் பாதையிலிருந்து ரோட்டில் ஏறியது. மிதித்தேன். இடது காலால் மிதித்தேன். பிரேக்குக்குப் பதில் கியர் கீழே இறங்கி என்ஜின் அலறியது. பிளாஸ்டரில் எழுதியிருந்தது என் கண்ணுக்கு நேரே இருந்தது. கைப்பிரேக்கை மொத்தமாகப் பிடித்ததில் பின்சக்கரம் ஒதுங்கி, வண்டி ஒருவழியாக நின்றபோது காளையின் மூஞ்சிக்கும் எனக்கும் ஒரு முழம். காளை என்னை மோந்து பார்த்தது. வண்டிக்காரர் என் பையில் இருந்த சிவப்புச் சிலுவையைப் பார்த்துவிட்டு, வைய வந்த வாயை மூடிக்கொண்டார். ஜாடி சாய்ந்து டியூபில் தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கிக் கட்டினேன். ஆனாலும் அடுத்த நேர் ரோட்டில் மறுபடி முறுக்கினேன்.

பன்னிரண்டே காலுக்கு ஆஸ்பத்திரி. இரண்டு மணிக்கு வீட்டில் சாப்பாடு. சோற்றை முழுவதும் சாப்பிட்டேன். மனைவி கவனித்தாள். சாப்பிட்ட கையோடு டைரியின் பின்பக்கத்தை நிரப்பினேன். கிளம்புதல்: மூன்று உதை, ஒரு உதை. வேகம்: 50, 110. குலுக்கல்: உண்டு, இல்லை. ஜாடி வைக்க இடம்: உண்டு, இல்லை, செய்துகொள்ளலாம். பிரேக்: பழகவேண்டும். ‘சத்தம்’ என்ற வரிக்கு வந்தபோது என்ன எழுதுவதென்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். மற்றபடி கணக்குச் சரியாகத்தான் வந்தது. மறுநாள் காலை கடையநல்லூர்க்காரரிடம் சரி என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன்.

மாலை ஐந்து நாற்பதுக்கு அந்த அம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் கேட்டு, அங்கிருந்து நடந்து என் வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தார். சேலை ஓரமெல்லாம் உளுந்துச் செடி தூசி. வாசலில் நின்ற சிவப்பு வண்டியைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அய்யாவுக்கு மேலுக்கு முடியலியோ?” என்றார்.

“நல்லாத்தான் இருக்கேன்.”

“இன்னைக்கு வரலியேன்னுதான் கேக்கேன். உச்சிவெயில் வரைக்கும் காட்ட விட்டு நகரல. பாலத்துச் சத்தம் வரும் வரும்னு இருந்தேன்.”

“வந்தேம்மா. பத்து மணிக்கே வந்துட்டேன்.”

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. பத்து மணியைப் போல ஒரு சத்தம் கேட்டது, பருத்திக்கு மருந்தடிக்கிற மிஷின் என்று பக்கத்தில் பறித்தவளிடம் சொன்னாராம். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லையாம். அதன் பிறகுதான் வாசலில் நிற்கிற வண்டியைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு சைலன்சரும் சாயங்கால வெளிச்சத்தில் மின்னின.

காரி எப்போது கத்த ஆரம்பித்தது என்று கேட்டேன். விடிய ஐந்து மணிக்குத் தண்ணீர் காட்டும்போதே கத்தியது, கண்ணாடி மாதிரி வழும்பு ஊற்றியது என்றார். காலையில் கத்தினால் மாலையில் ஊசி போடவேண்டும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். எங்களுக்கு முதல் பாடம் அது. ஐந்து மணியிலிருந்து கிட்டத்தட்ட பதின்மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இதுதான் சரியான நேரம். மறுநாள் காலை என்றால் போடலாம், எழுதிவைக்கலாம், நிற்காது.

“ஞாயித்துக்கிழம தரகரு வாறாரு” என்றார் அந்த அம்மா. “எங்க வீட்டுக்காரவிய சொல்லிவிட்டாச்சு. இன்னைக்கு ஊசி போட்டுட்டா வரவேண்டாம்னு சொல்லிருவாவ. போடலன்னு சொல்லத்தான் எனக்கு வாய் வரல.” என்னைக் குறைசொல்ல அவர் வரவில்லை. நான் வந்தேன் என்று சொன்னதை அவர் நம்பிவிட்டார். அதுதான் என்னை அங்கே நிற்கவிடவில்லை.

அவரை ஏழு மணி பஸ்ஸில் வரச் சொன்னேன். மனைவி அவருக்குக் காப்பி போட உள்ளே போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஜாடியை எடுத்துக்கொண்டு, ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பினேன். காலையில் அதே ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் பென்சில் வரியைப் படித்திருந்தேன்.

என் வண்டியாக இருந்தால் ஏழு மணியாகும், இருட்டிவிடும், ஆறு வோல்ட் விளக்கில் காட்டுப் பாதை தெரியாது. இந்த வண்டியில் ஆறு முப்பத்திரண்டுக்கு ஓடைப் பாலத்தில் இருந்தேன். எண்பதுக்கு மேல் போனேன். காலையில் சிரித்த அதே வேகம். இப்போது வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். அந்த மாலை இந்த வண்டி இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்திருக்கமாட்டேன். அன்று காலை இந்த வண்டி இல்லாவிட்டால், காரி கத்தியதைப் பத்தரைக்கே கேட்டு, சாயங்காலம் பொழுதோடு நிதானமாக வந்து ஊசி போட்டிருப்பேன். பாலத்தில் பழக்கத்தில் கியரைக் குறைத்தேன். ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

கிழக்குத் தெரு முனையில் திரும்பும்போது இரண்டு மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. வண்டியை அணைத்துவிட்டு, மீதித் தெருவைத் தள்ளிக்கொண்டே போனேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் காரி நின்ற கட்டுத்தறியில் இருந்தார். ஐம்பது வயதுக்காரர், நெட்டை, மெதுவாகப் பேசுவார். வண்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அப்பம் காலைல மருந்தடிச்சது நீங்கதானா?” என்றார். “நா மேலக்காட்டுல நின்னு வஞ்சேன் டாக்டரே. இங்கன மாடு கத்துது, நீ வேற ஏம்ல கத்துதேன்னு.”

நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர் என்று எப்போதும் திருத்துவேன். அன்று திருத்தவில்லை. தப்பு என் பேரில்தான் என்றேன். அவர் வாலைப் பிடித்துக்கொண்டார். ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி, கை வைத்துச் சூடு பார்த்து, ஜாடியிலிருந்து எடுத்த விந்துக் குழாயை முப்பது விநாடி அதில் போட்டேன். வாட்சைப் பார்த்து எண்ணினேன். காரி அசையாமல் நின்றது. பதமான நேரத்தில் மாடு அப்படித்தான் நிற்கும். ஆறு ஐம்பத்தொன்றுக்கு ஊசி போட்டேன்.

கை கழுவ அவரே தண்ணீர் ஊற்றினார். தரகரைப் பற்றி நான் கேட்கவேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

“ஞாயித்துக்கிழம வரவேண்டாங்கேன். இருவத்தோரு நா பாக்கேன்” என்றார். “இருவத்திரெண்டாவது நா கேக்காதிய.”

திரும்பும்போது நாற்பதுக்கு மேல் போகவில்லை. குருவிகுளத்தில் எதிரே பஸ் நின்றுகொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போனேன். பெண்கள் சீட்டில் அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தார்.

“போட்டாச்சும்மா. ஞாயித்துக்கிழம யாரும் வரமாட்டாவ” என்றேன்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தபோது குனிந்து கேட்டார். “இனிமே புதங்கிழம இந்த வண்டிலதான் வருவியளா? சொல்லிட்டியன்னா நாங்க இந்தச் சத்தத்தப் பழகிக்கிடுவோம்.”

பஸ் நகர்ந்தது. நான் அதன் கூடவே நான்கு எட்டு நடந்து, “இல்லம்மா, பழசுலதான்” என்றேன். கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

எட்டு மணிக்கு வீட்டில் இருந்தேன். டைரியின் பின்பக்கத்தில் ‘சத்தம்’ என்ற வரிக்கு நேரே, இடப்பக்கம் ‘ஒன்றரைக் கிலோமீட்டர் கேட்கும்’ என்றும், வலப்பக்கம் ‘மருந்தடிக்கிற மிஷின்’ என்றும் எழுதினேன். அலுவலக நோட்டில் காலையில் எழுதிய வரியை அடித்து, ‘நான் காத்திருக்கவில்லை’ என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மார்ச் 5-ஆம் தேதிப் பக்கத்தில் பென்சிலால் காரியின் பெயரை எழுதினேன்.

மார்ச் 5 புதன்கிழமை அது கத்தவில்லை. நவம்பர் கடைசியில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு கிடாரிக் கன்று போட்டது. இதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று இரவு எனக்கு அது தெரியாது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வலது உள்ளங்கையில் அந்த வண்டியின் அதிர்வு இன்னும் இருந்தது என்பதுதான். சாப்பிடும்போது பாதியில் எழுந்தேன். படுத்த பிறகும் இடது கால் கியரைத் தேடிக்கொண்டே இருந்தது. இல்லை என்று சொல்லப்போகிறேன் என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் நூற்றுப்பத்து நூற்றுப்பத்துதான். என் மனைவி இருட்டில் கேட்டாள், திருப்பிக் கொடுக்கப்போகிறீர்களா என்று. ஆமாம் என்றேன். ஒருநாள் என்னையும் ஏற்றி ஒரு சுற்று போயிருக்கலாம், கட்டிப்பிடிக்கமாட்டேன், கம்பியைப் பிடித்துக்கொள்வேன் என்றாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழக்கிழமை. நான் எழுந்தது ஐந்தேகாலுக்கு இல்லை. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, ரயில்வே கேட் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். தண்டவாளத்தில் ஏறும்போது ஒரு இடறல், அப்புறம் கியர் குறைகிற இருமல், அதன் பின் பெட்டி மூடியின் தகரச் சத்தம். கடையநல்லூர்க்காரர் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக்கூட நிற்காமல் புறப்பட்டிருக்கவேண்டும். வண்டி தெருவுக்கு வர இன்னும் மூன்று நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். பம்படிக்குப் போகவில்லை, முகம் கழுவவில்லை. சிவப்பு டேங்கிலிருந்து பிளாஸ்டரை உரித்தேன். ஒட்டிய பசையை வேட்டி நுனியால் துடைத்தேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், வாசல் கேட்டை இரண்டு பக்கமும் திறந்து வைத்தேன்.